மலை கட்டின அக்கா

எங்கள் தீவில் மலை கிடையாது. மேடு என்று சொல்லவும் ஒன்றும் இல்லை. பனையையும் கோவில் கோபுரத்தையும் விட்டால் நிலத்திலிருந்து எழும்பி நிற்பது எதுவும் கண்ணில் படாது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மனுசி தன் வளவுக்குள் மலை கட்டினார். பிக்கப்பை ஸ்ராட் பண்ணுவதற்காக.

அந்த மனுசியிடம் நான் றைவராக இருந்தேன். எண்பத்து நாலில் சேர்ந்தேன், தொண்ணூறில் ஊர் கலையும்வரை ஓடினேன். நல்ல மனுசி என்று சொல்லமாட்டேன். கெட்ட மனுசி என்று வேறு யாராவது சொன்னால் அடிக்கப் போவேன். அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்.

நாரந்தனைக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் அவருடைய வீடு. கரையில் மீன் எடுத்து, ஐஸ் போட்டு, பெட்டி பெட்டியாக யாழ்ப்பாணம் கொண்டுபோய்க் கொடுப்பது தொழில். அவருக்கு வாகனம் ஓட்டத் தெரியாது. முன் சீற்றில் என் பக்கத்தில் இருப்பார். காலையில் ஏறுவதற்கு முன் பொனற்றில் உள்ளங்கையை வைப்பார். பின்னேரம் இறங்கியதும் திரும்ப வைப்பார். வைத்துவிட்டு ஒவ்வொரு நாளும் ஒரே வார்த்தைதான் சொல்வார்.

“இன்னும் கிடக்கு.”

எஞ்சினில் இன்னும் உயிர் கிடக்கு என்று அர்த்தம். தேய்ந்து கம்பி தெரியும் ரயரைப் பார்த்தும் அதைத்தான் சொல்வார். செவுள் நிறம் மாறத் தொடங்கிய மீனைப் பார்த்தும் அதைத்தான் சொல்வார். உப்புத் தண்ணீர் ஒழுகி ஒழுகி என் கால் வைக்கிற தகடு உக்கி விழுந்தது. ஓடும்போது இரண்டு காலுக்கும் நடுவில் றோட்டு தெரிந்தது. போய்ச் சொன்னேன். ஒரு பனஞ்சலாகையை எடுத்துக் குறுக்கே வைத்துவிட்டு, “இதுக்கு மேல காலை வை. இன்னும் கிடக்கு” என்றார். அந்தச் சலாகையில் கால் வைத்துத்தான் நாலு வருசம் ஓடினேன்.

ஒருமுறை எனக்குக் கடும் காய்ச்சல். படுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து, பொனற்றில் வைப்பதுபோலவே நெற்றியில் கையை வைத்தார்.

“இன்னும் கிடக்கு. எழும்பு.”

“ஏலாது அக்கா.”

“ஐஸ் கரையுது, றைவர். ஏலாது எண்டதை வந்து சொல்லு.”

மண்டைதீவுச் சந்தியில் நிறுத்திவிட்டு இறங்கிச் சத்தி எடுத்தேன். வாய்க்கு வந்தபடி அவரைத் திட்டினேன், அவருக்குக் கேட்கத்தான். அவர் சீற்றுக்கு அடியிலிருந்த தண்ணீர்க் கானை எடுத்து வந்து என் தலையில் ஊற்றினார்.

அது சாட்டித் தண்ணீர். எங்கள் பக்கத்துக் கிணறுகள் உவர். நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் வேலணைப் பக்கம் சாட்டிக்குப் போய்த்தான் அள்ளிக்கொண்டு வரவேண்டும். உவர்த் தண்ணீர் விட்டால் றேடியேற்றர் உள்ளே கட்டிப் பிடித்துவிடும் என்று எஞ்சினுக்கு மட்டும் சாட்டித் தண்ணீர் கட்டாயம். அந்தக் கானை வேறு யாரும் தொடக்கூடாது. நான் ஒருநாள் விடாயில் ஒரு வாய் குடித்துவிட்டேன் என்று ஊர்காவற்றுறை வரைக்கும் வசவு கேட்டவன். அந்தத் தண்ணீரைத்தான் என் தலையில் ஊற்றினார். ஊற்றிவிட்டு, “சரி, எடு” என்றார்.

அவருடைய புருசன் கடலுக்குப் போனவர், வரவில்லை. வள்ளம் மட்டும் கரை ஒதுங்கியது, நேவிக்காரன் சுட்ட ஓட்டைகளோடு. துக்கம் கேட்க வந்த சனம் வளவை விட்டுப் போகமுன்னரே அக்கா பெட்டி ஏற்றச் சொன்னார். ஊர் முகம் சுழித்தது. தேவாலயத்துச் சுவாமியே வந்து, இரண்டு நாளாவது இருந்து அழுதால் என்ன பிள்ளை என்று கேட்டார்.

“ஐஸ் கரையுது, சுவாமி.”

அன்றும் யாழ்ப்பாணம் போனோம். வந்து இறங்கி பொனற்றில் கையை வைத்தார். வழக்கத்தைவிடக் கூட நேரம் வைத்திருந்தார். எஞ்சின் நல்ல சூடு. நான் பெட்டிகளை இறக்கினேன்.

இனி மலைக்கு வருகிறேன்.

அது ஒரு பழைய சீமை எஞ்சின். சின்ன லொறி ஒன்றைக் குறைத்துப் பிக்கப் ஆக்கியிருந்தார்கள். பற்றறி செத்துப்போனது. புதிது வாங்குங்கள் என்றேன். “உது வருசத்துக்கு ஒருக்காச் சாகிற சாமான்” என்றார். தள்ளித்தான் ஸ்ராட் பண்ணவேண்டும். மணல் நிலத்தில் காலமை காலமை யார் தள்ளுவது? சரிவான இடமிருந்தால் உருட்டிவிடலாம். தீவில் சரிவுக்கு எங்கே போவது? அக்கா இடிந்த கிணறு ஒன்றின் முருகைக்கல்லை ஏற்றிவந்து, வளவுக்குள் ஓர் ஆள் உயரத்துக்கு மேடு கட்டுவித்தார். பின்னேரம் நான் ரிவேர்ஸில் மேலே ஏற்றி, சில்லுக்குக் கல் வைப்பேன். காலையில் கல்லை எடுத்தால் தானாக உருளும். பாதி இறக்கத்தில் கிளச்சை விட்டால் இரண்டு இருமல் இருமிப் பிடித்துவிடும். அடியிலிருந்து படலை வரைக்கும் ஒடுங்கிய பாதை, இரண்டு பக்கமும் கல்லு மதில்.

ஊர் அதை அக்காவின்ர மலை என்றது. சிரித்தது. ஆகக் கூடச் சிரித்தது அக்காவின் சொந்தத் தம்பி.

அவன் சவுதியில் லொறி ஓடிவிட்டு வந்தவன். பெயரும் சவுதி என்றே நின்றுவிட்டது. வரும்போதே யப்பான் டீசல் பிக்கப் ஒன்றுக்கு வழி பண்ணிக்கொண்டு வந்தான். அவனுக்கும் மீன்தான் தொழில். பக்கத்து வளவுதான் வீடு. ஊர்காவற்றுறைத் தேத்தண்ணிக் கடையில் என்னைக் கண்டால் தொடங்கிவிடுவான்.

“என்ன ஐசே, இண்டைக்கும் மலையால இறங்கினீரோ?”

“ஓம். உங்கட வாகனம் ஸ்ராட் வந்ததோ?”

“சாவியைத் தொட்டாக் காணும். உம்மட எஞ்சின் இருமிற இருமலுக்கு எங்கட வீட்டுக் கோழி அடைகிடக்குதில்லை.”

“அப்ப கோழியை மலையில ஏத்தி உருட்டிவிடும்.”

இரண்டையும் ஓடிப்பார்த்தவன் நான். உள்ளதைச் சொல்கிறேன். ஓட்டச் சுகம் என்றால் யப்பான்தான். கிளச் பஞ்சு. புகை இல்லை. எண்ணெயும் குறைவாகக் குடிக்கும். சீமை எஞ்சினை ஒரு நடை ஓடிவிட்டு இறங்கினால் பிளேன்ரீக் கோப்பையைப் பிடிக்கக் கை நடுங்கும். பல்லுக்குள் கூட அதிரும்.

ஆனால் சாமான் வேறு. யப்பானுக்குத் தலை அலுமினியம். சூடேறினால் வளையும். காலையில் ஸ்ராட் வர, உள்ளே ஒரு கம்பி கறண்டில் பழுத்துச் சூடு கொடுக்கவேண்டும். அதன் டீசல் பம்ப் ஓடுகிற டீசலையே தனக்கு எண்ணெயாகப் பூசிக்கொள்ளும். நல்ல டீசல், நல்ல பற்றறி, நல்ல தண்ணீர் எல்லாம் கிடைக்கிற நாட்டுக்குச் செய்த எஞ்சின் அது. சீமை எஞ்சின் தலை முதல் அடிவரை வார்ப்பிரும்பு. பம்புக்குத் தனி எண்ணெய். கறண்ட் கேட்காது. உருட்டிவிட்டால் போதும். எதுவும் கிடைக்காத நாட்டுக்கு அதுதான். எங்கள் நாடு எது என்று சவுதிக்கு அப்போது தெரியாது. எங்களுக்கும் தெரியாதுதான்.

ஒருநாள் தீவையும் யாழ்ப்பாணத்தையும் சேர்க்கிற பண்ணைப் பாலத்தில் சவுதியின் வாகனம் முழு லோட்டோடு கொதித்து நின்றது. தலை வளைந்துவிட்டது. கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனோம். எனக்குச் சந்தோசம். வேண்டுமென்றே கியரைப் போட்டு ஒரு குலுக்குக் குலுக்கினேன். அக்கா என் கையில் ஒரு அடி போட்டார்.

“மெள்ள இழு. அவனுக்கு வெக்கமாயிருக்கும்.”

அன்று முழுக்கத் தம்பியின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. அவன் தலை நிமிரட்டும் என்றுதான்.

பிறகு சண்டை வந்தது, சாமான் தடை வந்தது. டீசல் இல்லை. பற்றறி இல்லை. மண்ணெண்ணெயில் தேங்காய் எண்ணெய் கலந்து ஓடினோம். றோட்டெல்லாம் வடை சுடுகிற மணம். சீமை எஞ்சின் அதையும் குடித்துவிட்டுப் புகையைக் கக்கிக்கொண்டு ஓடியது. யப்பான் பம்ப் இறுகிப்போனது. சவுதி அங்கே இங்கே திரிந்து பழைய பம்ப் ஒன்று தேடிப் போட்டான். அது சரிவந்த பிறகு பற்றறி செத்தது.

ஒரு பின்னேரம் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று தொண்டையைச் செருமினான்.

“அக்கா.”

“என்ன?”

“மலையில ஒரு ஓரமா விடட்டோ?”

அக்கா சிரித்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும். சிரிக்கவில்லை. “கல்லு வைச்சுப் போட்டு இறங்கு” என்றார்.

மலையில் ஒரு வாகனத்துக்குத்தான் இடம். அவனுடையது எங்களுக்கு முன்னால், சரிவில் நின்றது. அவன் இறங்கின பிறகுதான் நாங்கள் இறங்கலாம். கறண்ட் இல்லாமல் அந்த எஞ்சின் உருட்டிவிட்டாலும் லேசில் பிடிக்காது. காற்று இழுக்கிற வாயில் துணியைக் கொளுத்திப் பிடித்தால் சில நாள் பிடிக்கும், சில நாள் பிடிக்காது. பிடிக்காத நாளில் ஆள் சேர்த்துத் தள்ளிப் படலைக்கு வெளியே விட்டோம்.

“அவன்ரயை மேல விடுங்கோ, எங்கடயை முன்னுக்கு விடுவம்” என்றேன்.

“நாங்கள் முன்னுக்குப் போயிட்டா, பிடிக்காத நாளில அவன்ரயை ஆர் தள்ளுறது? அவன் முதல்ல போகட்டும். விடு.”

“ஒரு நாளைக்கு வழியை அடைச்சுக்கொண்டு நிக்கப்போகுது.”

“நிண்டாப் பாப்பம்.”

நின்றது. ஆமி தீவில் இறங்கிய அன்று நின்றது.

கடலிலிருந்து ஷெல் வந்துகொண்டிருந்தது. சனம் கிழக்கே ஓடியது. பண்ணைப் பாலத்தால் போக ஏலாது, அந்த முனையில் கோட்டைக்குள் ஆமி. வேலணைத் துறைக்குப் போய், வள்ளத்தில் அக்கரை அராலிக்குப் போவதுதான் வழி. அக்கம்பக்கத்துச் சனமெல்லாம் அக்காவின் வளவுக்குள் வந்து நின்றது. ஓடுகிற வாகனம் அங்கேதான் இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

சவுதி கல்லை எடுத்தான். உருண்டான். பிடிக்கவில்லை. பதற்றத்தில் ஸ்ரியறிங்கைத் திருப்பிவிட்டான். முன் சில்லு மதில் ஓரத்து மணலில் புதைந்து, படலையை அடைத்துக்கொண்டு வாகனம் குறுக்கே நின்றது. எல்லோரும் தள்ளினோம். தள்ளத் தள்ள இன்னும் புதைந்தது. அவனுடைய மனுசி மூன்று பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு மதிலோடு ஒட்டி நின்றது. சவுதி திரும்பத் திரும்பச் சாவியை முறுக்கினான். செத்த பற்றறிக்கு.

அக்கா என்னிடம் வந்தார்.

“ஏறு. இறக்கி இடி.”

“எதை அக்கா?”

“அவன்ரயை. இடிச்சு வெளியால தள்ளு.”

சவுதி ஓடிவந்தான். “அக்கா, என்ர வாகனம்.”

“உன்ர பிள்ளையள் எதிலை போகப்போகுதுகள்?”

அவன் விலகினான். நான் மேலே ஏறி இருந்தேன். உருட்டுவதற்கு ஒரு தடவைதான் உண்டு. அடியில் போய்ப் பிடிக்காமல் நின்றால் இரண்டு வாகனமும் அங்கேயே. அக்கா பொனற்றில் கையை வைத்தார். வழக்கமான வார்த்தையைச் சொல்லவில்லை. “எடு” என்றார்.

பாதியில் கிளச்சை விட்டேன். இருமியது. இன்னொருக்கா இருமிப் பிடித்தது. பிடித்த கையோடு போய் யப்பான்காரனின் பின்பக்கத்தில் இடித்து, அப்படியே முக்கி முக்கித் தள்ளிப் படலையையும் மதிலின் ஒரு துண்டையும் பெயர்த்துக்கொண்டு வெளியே வந்தது. அவனுடைய வாகனம் வேலிக்குள் போய் விழுந்தது. எங்களுக்கு வழி கிடைத்தது. எங்கள் றேடியேற்றர் உடைந்து தண்ணீர் கோடாக ஒழுகியது.

சனம் ஏறியது. எத்தனை பேர் என்று பார்க்கவில்லை. பின்னால் ஸ்பிறிங் முதுகு வளைந்து தட்டியது. அக்கா முன்னால் ஏறி, சாட்டித் தண்ணீர்க் கானை மடியில் வைத்துக்கொண்டார்.

கொஞ்சத் தூரம் போவேன். ஆவி எழும்பும். எஞ்சினை ஓட விட்டபடியே வாகனத்தை நிறுத்துவேன். அக்கா இறங்கி, சேலைத் தலைப்பால் மூடியைத் திறந்து ஊற்றுவார். சாட்டித் தண்ணீர் முடிந்தது. சனம் குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரை வாங்கி ஊற்றினார். பின்னால் இருந்த ஒருவர், “பிள்ளையளுக்குக் கொஞ்சம் வையுங்கோ அக்கா” என்றார். “பிள்ளையள் அக்கரையில குடிக்கட்டும்” என்றார் அக்கா. அதுவும் முடிந்தது. றோட்டோரத்துப் பள்ளத்தில் கடல் தண்ணீர் நின்றது. மீன் வாளியோடு இறங்கினார்.

“அக்கா, கொதிக்கிற இரும்பில பச்சைத் தண்ணி ஊத்தினா வெடிக்கும்.”

“எவ்வளவு நேரத்தில?”

“தெரியாது.”

“வெடிக்கட்டும். துறையில போய் வெடிக்கட்டும்.”

கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். உள்ளே ஒரு சத்தம் கேட்டது, ஓடு உடைகிற மாதிரி. இரண்டு பேரும் கேட்டோம்.  அதற்குப் பிறகு இழுவை குறைந்தது. வெள்ளைப் புகை வந்தது. எஞ்சின் சுத்தியலால் அடிப்பதுபோல் தட்டத் தொடங்கியது. எனக்கு அந்தத் தட்டல் நெஞ்சுக்குள் கேட்டது. முதல் கியரை விட்டு மாற்றவே இல்லை. சனம் நடக்கிற வேகத்தில் போய், துறையில் வள்ளங்கள் தெரிகிற இடத்தில், நான் நிப்பாட்டுகிற கம்பியைத் தொடமுன்னரே அது தானாக நின்றது.

சனம் குதித்து ஓடியது. சவுதி பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வள்ளத்துக்கு ஓடினான். அக்கா மட்டும் முன்னால் வந்து பொனற்றில் கையை வைத்தார். சுட்டிருக்கும். எடுக்கவில்லை.

“முடிஞ்சுது” என்றார்.

அவர் வாயில் அந்தச் சொல்லை அதற்கு முன் நான் கேட்டதில்லை. புருசனுக்குச் சொல்லாத சொல். எஞ்சினுக்குச் சொன்னார். என்னைப் பார்த்து, “நீயும் உன்ர பாட்டைப் பார், றைவர்” என்று சொல்லிவிட்டு, வெறுங்கையோடு வள்ளத்துக்கு நடந்தார்.

அதன் பிறகு யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடம், பிறகு மானிப்பாய்ப் பக்கத்தில் யாரோ கொடுத்த ஒரு பின்வளவுக் கொட்டில். அக்கா தம்பி குடும்பத்தோடு இருந்தார். நான் சைக்கிளில் விறகு கட்டி விற்றேன். இடைக்கிடை போய்ப் பார்ப்பேன். அக்கா பாயில் கிடப்பார். அல்லது சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார். சாப்பாடு கொடுத்தால் சாப்பிடுவார். கேட்டால் ஓம், இல்லை, அவ்வளவுதான். ஒரு நோயும் இல்லை என்றார்கள். மனுசி நின்றுவிட்டது. ஒரு வருசமல்ல, நாலு வருசம் அப்படி.

சவுதிக்கு வாய் அடங்கவில்லை. “பாத்தீரே ஐசே, உம்மட சீமை எஞ்சின் வெடிச்சுப் போச்சு. என்ர எஞ்சினிலை ஒரு கீறலும் இல்லை. வேலிக்குள்ள பத்திரமாக் கிடக்கு. பற்றறி குடுத்தா இண்டைக்கும் ஸ்ராட் வரும்.”

“நிக்கிற எஞ்சின் எல்லாம் நல்ல எஞ்சின்தான்” என்றேன். அவன் மனுசி உள்ளேயிருந்து, “உங்களுக்கு வெக்கமில்லையே” என்று அவனைக் கேட்டது. பிறகு கொஞ்ச நாள் அவன் எஞ்சின் கதை எடுக்கவில்லை.

தீவில் மிஞ்சிக் கிடந்த கொஞ்சச் சனத்தில் ஒருவர், எங்கள் ஊர் ஆள், வைத்தியத்துக்காக வெள்ளைக்கொடி கட்டிய வள்ளத்தில் யாழ்ப்பாணம் கொண்டுவரப்பட்டார். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். என் வீடு இல்லையாம். அக்காவின் வீட்டுக்குக் கூரை இல்லையாம். “அக்காவின்ர மலை கிடக்கு” என்றார். “அதுக்கு மேல நேவி மண்மூட்டை அடுக்கிக் காவல் சென்றி போட்டிருக்கிறான். சுத்திவர அதைவிட உயரமான இடம் வேற எங்கை?”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் அக்காவிடம் கொட்டினேன். ஒரு மனுசி மீன் வாகனம் உருட்டக் கட்டின கல்லு, அதில் அவன் துவக்கோடு நிற்கிறான் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன்.

அக்கா எழும்பி இருந்தார்.

“இறங்கிற பக்கத்தை வெட்டிப் போட்டாங்களோ?”

“என்ன அக்கா?”

“சரிவை. வெட்டிச் சுவராக்கிப் போட்டாங்களோ, அப்பிடியே கிடக்கோ?”

“அதைக் கேக்கேல்லை.”

“கேக்காம என்னத்துக்குப் போனனீ?”

அடுத்த நாள் திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த மனுசன் என்னை விசரன் என்று நினைத்திருப்பார். யோசித்துப் பார்த்து, சரிவு அப்படியே கிடக்கு, அதால்தான் அவங்கள் மேலே ஏறி இறங்குகிறாங்கள் என்றார். வந்து சொன்னேன்.

 அக்கா பாயைச் சுருட்டிச் சுவரோடு சாத்தினார்.

“அப்ப ஒரு எஞ்சின் பார்.”

“எந்த எஞ்சின்?”

“கறண்ட் கேக்காத எஞ்சின்.”

வெளியில் நின்ற சவுதி என்னைப் பார்த்தான்.  டீசல் இல்லை. வாகனம் இல்லை. தீவுக்குப் போக வழி இல்லை, மலையில் நேவி நிற்கிறான். இதெல்லாம் எனக்குத் தெரியும். மனுசிக்கும் தெரியும்.

“நிண்டு பாக்கிறாய்” என்றார். “ஐஸ் கரையுது.”

சைக்கிளை எடுத்துக்கொண்டு எஞ்சின் பார்க்கப் போனேன்.